4294967297: மீதி ஏன் 1?

வணக்கம் நண்பர்களே. பத்தாம் வகுப்புக்கு மட்டு எண்கணிதம் (மீதிகளை வைத்துச் செய்யும் கணக்கு) நடத்துகிறேன், ஒரு உதவி வேண்டும்.

2¹ + 1, 2² + 1, 2⁴ + 1, 2⁸ + 1, 2¹⁶ + 1, அதாவது 3, 5, 17, 257, 65537 எல்லாம் பகா எண்கள் என்பதால் அடுத்து வரும் 2³² + 1, அதாவது 4294967297-உம் பகா எண்தான் என்று கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் ஆய்லர் அதை 641 × 6700417 என்று பிரித்துவிட்டார்.

641 வகுக்கும் என்று நிறுவுவது சுலபம். 641 = 5×2⁷ + 1, 641 = 5⁴ + 2⁴. இந்த இரண்டே போதும், அவ்வளவு அழகு! ஆனால் 641-ஐ எப்படிக் கண்டுபிடித்தார் என்று பிள்ளைகள் விடாமல் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. 4294967297-இன் எந்தப் பகாக் காரணியையும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரும். எனவே அப்படி மீதி 1 வரும் பகா எண்களை மட்டும் பார்த்தால் போதும்: 193, 257, 449, 577 தாண்டினால் அடுத்தது 641.

அந்த மீதி ஏன் 1-ஆகவே இருக்க வேண்டும்? ஃபெர்மாவின் சிறிய தேற்றம் வரை அவர்களுக்குத் தெரியும். குலக் கோட்பாட்டை (group theory) தொடாமல் விளக்க வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள், படி தவறாமல் இருந்தால் நல்லது.