பொருள்: முட்டைப் பெட்டிக்குள் 'காற்றோட்டம்' – இரண்டு செயல்களுக்கு ஒரே சொல் போதுமா?

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

ஊர்வன விலங்குகளின் முட்டைகளை வீட்டிலேயே பொரிக்க வைக்கும் பெட்டியைப் பற்றிய கையேட்டில் 'காற்றோட்டம்' என்ற சொல்லே எங்கும் நிற்கட்டும் என்று சென்ற மடலில் குழுவின் ஐயா ஒருவர் எழுதியிருந்தார்கள். பழகிய சொல்லை விட்டுவிடக் கூடாது என்ற அவர்களின் கருத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த இடத்தில் அச்சொல் இரண்டு வேறு செயல்களை ஒன்றாக்கிவிடுகிறது, அதனால் முட்டைகள் கெடுகின்றன.

இங்கே மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சிறுத்தைப் பல்லி (லெப்பர்ட் கெக்கோ) வளர்க்கும் இளைஞர் ஒருவர், 'பெட்டிக்குள் நல்ல காற்றோட்டம் இருக்க வேண்டும்' என்று நான் எழுதிக் கொடுத்திருந்த முதல் வரைவைப் படித்துவிட்டு, மீன் வாங்கும் பாலிஸ்டைரீன் பெட்டியின் மூடியில் எட்டுத் துளைகள் போட்டார். ஆறு நாளில் முட்டைகள் குழிந்துவிட்டன. இப்பல்லி முட்டையின் ஓடு கோழி முட்டையின் ஓட்டைப் போல் கெட்டியானதன்று, தோல் போன்றது. சுற்றியுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும், ஈரம் போனால் சுருங்கும். நான் சொல்ல நினைத்தது பெட்டிக்குள் இருக்கும் காற்றைச் சிறு விசிறியால் சுற்றவிடுவதை. அவர் செய்தது உள்காற்றை வெளியேற்றியதை. பிழை அவருடையதன்று, என் சொல்லினுடையது.

உள்ளே காற்று சுற்றாவிட்டால் மேல்தட்டு சூடாகவும் அடித்தட்டு குளிர்ந்தும் நிற்கும். என் பெட்டியில் விசிறி இல்லாதபோது இரண்டுக்கும் 3 பாகை வேறுபாடு இருந்தது. சிறுத்தைப் பல்லிக்கு இது சிறிய வேறுபாடன்று. ஏறத்தாழ 26 பாகை செல்சியஸில் வைத்த முட்டைகளில் பெரும்பாலும் பெண் குஞ்சுகளும், 32.5 பாகையை ஒட்டி வைத்தவற்றில் பெரும்பாலும் ஆண் குஞ்சுகளும் வெளிவருகின்றன. ஒரே பெட்டியில் இரு தட்டுகளில் வைத்தால், வைத்தவர் அறியாமலே குஞ்சுகளின் பால் மாறக்கூடும். வெளிக்காற்றைப் புகவிடுவதோ வேறு தேவைக்கானது. கருவும் மூச்சு விடுகிறது. பொரிப்பதற்கு முந்திய வாரங்களில் அதன் தேவை கூடுகிறது. ஆனால் அதற்குச் சிறு துளை ஓரிரண்டும், வாரம் ஒருமுறை மூடியைச் சற்றுத் திறப்பதுமே போதுமானவை.

என் தந்தையார் வேலை பார்த்த தோட்டத்தில், ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் உலர்த்தும் கொட்டகைக்குக் கூரையில் திறந்து மூடும் பலகைகள் இருந்தன. அங்கே ஈரம் வெளியேற வேண்டும் என்பதற்காகவே அவற்றைத் திறந்தார்கள். இங்கே ஈரம் உள்ளேயே தங்க வேண்டும். எதிரெதிரான இவ்விரு வேலைகளையும் 'காற்றோட்டம்' என்று ஒரே பெயரால் அழைத்தால் படிப்பவர் எதைச் செய்வார்?

ஆகவே, உள்காற்றைச் சுற்றவிடுவதற்குக் 'காற்றுச்சுற்று' என்றும், உள்காற்றும் வெளிக்காற்றும் இடம் மாறுவதற்குக் 'காற்றுமாற்று' என்றும் முன்மொழிகிறேன். 'காற்றோட்டம்' இரண்டையும் அடக்கும் பொதுச்சொல்லாக இருக்கட்டும். துளைக்கு அம்மா ஒருவர் கூறிய 'மூச்சுத்துளை' அழகானதுதான். எனினும் பூச்சிகளின் உடலில் உள்ள துளைக்கு உயிரியலில் அச்சொல் வழங்குகிறது. சன்னலுக்குப் பழைய தமிழில் 'காலதர்' என்ற பெயர் உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சன்னல் என்ற சொல்லே நிலைத்துவிட்டதால் ஓய்வாக இருக்கும் காலதரை இத்துளைக்கு அழைத்துக்கொள்ளலாம். பெட்டியின் சூட்டை அளவோடு நிறுத்தும் கருவியான தெர்மோஸ்டாட்டை அப்படியே எழுதுவதில் எனக்குத் தடையில்லை. கடையில் அப்பெயரைச் சொல்லித்தான் கேட்கிறோம். ஒன்று மட்டும் கையேட்டில் தெளிவாக வர வேண்டும்: அது சூட்டை நிறுத்துமேயன்றிக் குளிர்விக்காது. தகரக் கூரையின்கீழ் நண்பகலில் வீடே 33 பாகையைத் தாண்டும் நம் ஊரில், பெட்டியைச் சிமெண்டுத் தரையில், வெயில் படாத அறையில் வைக்க வேண்டும்.

திருத்திய வரியைக் கீழே தருகிறேன். குழுவினர் பார்த்துச் சொல்ல வேண்டுகிறேன்.

'காற்றுச்சுற்று இடைவிடாமல் நடக்கட்டும். விசிறியின் காற்று முட்டைமேல் நேரே படக் கூடாது. காற்றுமாற்றுக்குக் காலதர் இரண்டு போதும். முட்டையின் மேற்புறத்தில் பென்சிலால் குறியிடுங்கள். கோழி முட்டையைப் போல் இதைப் புரட்டக் கூடாது.'