'முந்துமொழி' என்று சொல்லலாமா?

அன்புள்ள ஐயா,

ஒரு மொழிக்குடும்பம் முழுவதற்கும் மூதாதையான மொழியை (ஆங்கிலத்தில் proto-language) குறிக்க 'தொல்' இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்று நேற்று கேட்டிருந்தீர்கள். தொல்பொருளைக் கையால் தொடலாம். தொல்லெழுத்தைக் கல்லில் பார்க்கலாம். நாம் பெயர் தேடும் மொழி எங்கும் எழுதப்படாதது. அதன் வழிவந்த மொழிகளை ஒப்பிட்டு மீட்டுருவாக்கியது. அதையும் 'தொல்' என்றால், எங்கோ கல்வெட்டுச் சான்று இருக்கிறது என்று படிப்பவர் நினைத்துவிடுவார்.

என் கட்டுரையில் இந்தச் சிக்கல் நேராகவே வந்தது. கிழக்கு இந்தோனேசியாவில், திமோருக்கு வடக்கே ஆலோர், பாந்தார் என்ற தீவுகள். அங்கே இருபதுக்கு மேற்பட்ட மொழிகள் ஒரே குடும்பம். கேரி ஹோல்டன், மரியன் கிளாமர் உள்ளிட்ட மொழியியலாளர் ஐவர் 2012இல் இவற்றின் ஒலி ஒப்புமைகளை முறையாக நிறுவினார்கள். 'இரண்டு' என்பதற்குப் பாந்தாரின் தேய்வா மொழியில் 'ரக்', ஆலோரின் அபுயி மொழியில் 'அயோகு'. மீட்டுருவாக்கிய வடிவம் *அரகு (முன்னுள்ள உடுக்குறி அது மீட்டுருவாக்கியது என்பதைக் காட்டும்). அபுயியில் ரகரம் யகரமாயிற்று. தேய்வாவில் முதல் உயிரும் கடைசி உயிரும் உதிர்ந்தன. எண் 'ஆறு' *தலம், அபுயியில் அது 'தலாமா'. ஆறுக்குத் தனிச்சொல் வைத்திருக்கும் அபுயிக்காரர் ஏழுக்கு வரும்போது ஐந்துக்குத் திரும்பி 'யெத்திங் அயோகு', அதாவது ஐந்து இரண்டு, என்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

சரி, பெயருக்கு வருவோம். 'மூலமொழி'யை மொழிபெயர்ப்பாளர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். 'முதுமொழி' என்றால் பழமொழி. 'ஆதிமொழி' மனிதகுலத்தின் முதல் பேச்சு என்று ஒலிக்கிறது. தொல்காப்பியப் பாயிரத்தில் 'முந்துநூல்' வருகிறதே, இன்று நம் கையில் இல்லாத நூல்! அந்தச் சாயலில் 'முந்துமொழி'. இந்தக் குடும்பத்துக்கு 'முந்து ஆலோர்-பாந்தார்'. திராவிடத்துக்கும் 'முந்து திராவிடம்' என்று சிலர் ஏற்கெனவே எழுதுகிறார்கள், ஆகவே தனியாக நிற்காது.

இன்னொன்று. இந்த மொழிகளைப் 'பாப்புவ மொழிக்குடும்பம்' என்று தயவுசெய்து யாரும் எழுத வேண்டாம். நியூகினியிலும் சுற்றுத் தீவுகளிலும் ஆஸ்திரோனேசியம் (மலாய் முதலியவற்றின் குடும்பம்) அல்லாதவற்றை எல்லாம் சேர்த்துச் சொல்லும் பெயர் அது. அதற்குள் பல குடும்பங்கள் உண்டு. 'பாப்புவ மொழிகள்' போதும்.

* * *

தம்பி,

முந்துமொழிக்கு என் ஒப்புதல். முந்துநூலை நினைவூட்டியதும் என் தடை போய்விட்டது. ஆனால் *அரகு எனக்கு உறுத்துகிறது. ககரத்தை நாம் மெலித்தே படிப்போம். 'அரக்கு' என்று எழுதினால் முத்திரை வைக்கும் அரக்காகிவிடும். உண்மையில் அது உள்நாக்கில் பிறக்கும் வல்லொலிதானே? 'எஃகு' போல ஆய்தம் சேர்த்து *அரஃகு என்று எழுதிப் பாருங்கள். குற்றெழுத்துக்கும் வல்லினத்துக்கும் நடுவில் வருவதால் இலக்கணத்துக்கும் பொருந்தும்.

* * *

ஐயா, மிக்க நன்றி. *அரஃகு என்றே மாற்றிவிட்டேன். தேய்வாவின் 'ரக்' மட்டும் ஆய்தத்துக்கு அடங்கவில்லை. 'ரஃக்' என்பது நாவில் நிற்கவில்லை. அதை அப்படியே விட்டு, கடைசி ஒலி உள்நாக்கொலி என்று பக்கத்திலேயே எழுதுகிறேன். உடுக்குறியை மீட்டுருவாக்கிய வடிவங்களுக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.