குடியேறியவரின் தன்வரலாறு: படித்தால் யாருக்கு லாபம்?

ஏடுபுரட்டி:
எங்கள் வாசிப்புக் குழுவில் அடுத்த சுற்றுக்கு, வேறொரு நாட்டில் குடியேறிய ஒருவரின் தன்வரலாற்றை எடுக்கலாம் என்றேன். உடனே குழு இரண்டாகிவிட்டது. "வெளிநாடு போகப் போகிறவர்களுக்குத்தான் அது உதவும், நமக்கு எதற்கு?" என்று ஒரு பக்கம். "எல்லோரும் படிக்கலாம், மனசு விசாலமாகும்" என்று இன்னொரு பக்கம். எனக்கு இரண்டுமே முழுசாக ஒப்பவில்லை. உண்மையில் யாருக்குப் பயன்? 'எல்லோருக்கும்' என்று சொல்லித் தப்பிக்காமல், ஆளைக் காட்டிச் சொல்லுங்கள்.

நேர்வழி:
யாருக்குப் பயன் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்: போகப் போகிறவருக்கு. புத்தகம் எழுதுகிறவர் அங்கே போய் இருபது முப்பது வருடம் ஆகியிருக்கும். அவர் நுழைந்த கதவு இன்று அங்கே இருக்காது. அமெரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 1924 சட்டம் பிறந்த நாட்டை வைத்து ஒதுக்கீடு பிரித்தது, 1965 சட்டம் அந்த முறையை ஒழித்தது. 1960இல் போனவரும் 1975இல் போனவரும் எழுதினால் இரண்டு வேறு நாடுகளைப் பற்றி எழுதியது போல இருக்கும். இன்றைக்கு, ஆண்டுக்கு இத்தனை என்று எண்ணிக்கை வைத்துத் தரும் கிரீன் கார்டுகளில் (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற வரம்பு இருக்கிறது. அதனால் ஒரே அலுவலகத்தில் ஒரே வேலை பார்க்கும் இருவரில் ஒருவருக்குச் சீக்கிரம் கிடைக்கும், இன்னொருவர் வருடக்கணக்கில் வரிசையில் நிற்பார். "உழைத்தேன், கிடைத்தது" என்று எழுதியவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அதை வழிகாட்டியாக எடுத்துக்கொள்பவர் ஏமாறுவார்.

இன்னொன்று. திருப்பி அனுப்பப்பட்டவரைத் தேடிப் பதிப்பாளர் போவதில்லை. ஜெயித்தவர் கதைதான் அச்சாகிறது.

பழைய அலமாரி:
விசா விதி தெரிந்துகொள்ள யார் சார் தன்வரலாறு வாங்குகிறார்கள்? அதற்குத் தூதரகத்தின் இணையதளம் இருக்கிறது. 'எப்படிப் போவது' என்பதற்கு இந்தப் புத்தகம் உதவாதுதான். 'போகலாமா வேண்டாமா' என்பதற்கு உதவும். முதல் வருட மிதப்பு இறங்கிய பிறகு என்ன நடக்கிறது என்று எந்த ஏஜென்டும் சொல்ல மாட்டார். ஊரில் டாக்டராக இருந்தவர் அங்கே மறுபடியும் முதலிலிருந்து தேர்வு எழுதி, அதுவரைக்கும் கிடைத்த வேலையைப் பார்ப்பது. அப்பாவுக்கு முடியவில்லை என்று தகவல் வரும்போது டிக்கெட் எடுக்க முடியாத நிலை. இதெல்லாம் விதிகள் மாறினாலும் பெரிதாக மாறுவதில்லை.

அதிலும் யாருக்கு ரொம்ப உதவும் என்றால், கூடப் போகிறவருக்கு. மனைவி அல்லது கணவன். அமெரிக்காவில் எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவரின் துணைக்கு எச்-4 விசா. 2015 வரை அந்த விசாவில் வேலைக்குப் போக அனுமதியே கிடையாது. அதன்பிறகும் ஒரு பகுதியினருக்கு மட்டும்தான். நன்றாகப் படித்த பெண் ஒருத்தி வீட்டில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த வருடங்களை அவள் எழுதினால்தான் உண்டு. கணவர் எழுதும் புத்தகத்தில் அது நாலு வரி.

நேர்வழி:
கூடப் போகிறவர் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். என் சண்டை 'மனசு விசாலமாகும்' கட்சியோடு. மேரி ஆன்டின் என்று ஒருவர். ரஷ்யப் பேரரசின் பொலோட்ஸ்க் நகரத்து யூதச் சிறுமி, 1894இல் பாஸ்டனுக்கு வந்தவர். 1912இல் அவர் எழுதிய தன்வரலாறு அமெரிக்கா முழுக்கப் பேசப்பட்டது. நன்றியும் நம்பிக்கையும் நிறைந்த புத்தகம், குடியேறியவர்களை வெறுக்கிறவர்கூட முகம் சுளிக்க முடியாது. சரி, என்ன ஆயிற்று? 12 வருடத்தில் வந்தது நான் மேலே சொன்ன 1924 சட்டம். கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் தெற்கு ஐரோப்பாவிலிருந்தும் வருபவர்களுக்குக் கதவை ஏறக்குறைய மூடியது. மூடியது ஆன்டினைப் போன்ற குடும்பங்களுக்குத்தான். படித்து உருகிய வாசகர்கள் எங்கே போனார்கள்?

அரைப்பக்கம்:
ஒரு புத்தகம் ஒரு சட்டத்தைத் தடுக்கவில்லை என்பதால் அது யாரையும் மாற்றவில்லை என்றாகிவிடுமா? ஓட்டுப் போட்ட எல்லோரும் அதைப் படித்தவர்களா என்ன?

நேர்வழி:
இல்லைதான். ஆனால் 'படிக்காவிட்டால் இன்னும் மோசமாகியிருக்கும்' என்று சொன்னால் அதைச் சோதித்துப் பார்க்க வழியே இல்லை. அப்படி ஒரு வாதத்தை வைத்துக்கொண்டு எதை வேண்டுமானாலும் நியாயப்படுத்தலாம். ஆன்டின் வாசகர்கள் 'இந்த ஒரு பெண் நல்லவள்' என்று முடித்துக்கொண்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. விதிவிலக்கை நேசிப்பது ரொம்பச் சுலபம்.

கரையோரக்காற்று:
தஞ்சம் கேட்டு வருபவர்களின் நேர்காணல்களில் மொழிபெயர்ப்பாளராக உட்காருபவள் நான். எந்த நாடு, எந்த அலுவலகம் என்பது வேண்டாம். என்னைக் கேட்டால் இந்தப் புத்தகங்களால் அதிகப் பயன் அடையக்கூடியவர் விண்ணப்பத்தை முடிவு செய்கிற அதிகாரி. அதிகம் கெட்டுப்போகக் கூடியவரும் அவரேதான்.

தன்வரலாற்றில் கதை வரிசையாக ஓடும். எழுதுபவருக்கு யோசிக்க வருடங்கள் இருந்தன, தேதிகளைச் சரிபார்க்கப் பதிப்பாசிரியர் இருந்தார். நேர்காணலுக்கு வருபவர் அப்படியா பேசுகிறார்? வீட்டைவிட்டுக் கிளம்பியபோது மழை பெய்தது என்பார். எந்த மாதம் என்றால் முழிப்பார். அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனது அதற்கு முன்னாலா பின்னாலா என்பதில் இரண்டு முறை இரண்டு விதமாகச் சொல்வார். முக்கியமானதை எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது சொல்வார். பாலியல் வன்முறை நடந்திருந்தால் முதல் நேர்காணலில் பலர் வாயே திறப்பதில்லை. ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் கையேடே, அகதி தன் கதையின் ஒவ்வொரு பகுதியையும் நிரூபிப்பது நடக்காத காரியம், சந்தேகத்தின் பலனை அவருக்குத் தரவேண்டி வரும் என்கிறது. ஆனால் நாலு அழகான புத்தகம் படித்துவிட்டு வரும் அதிகாரியின் மனசில் 'உண்மையான அகதி இப்படித்தான் பேசுவார்' என்று ஓர் அளவுகோல் ஏறிவிடுகிறது. எதிரில் இருப்பவர் தடுமாறினால் பொய்யராகத் தெரிகிறார்.

பழைய அலமாரி:
அப்படியென்றால் தடுமாறுகிற புத்தகங்களைக் கொடுங்கள், அக்கா. 'இந்த இடம் எனக்கு நினைவில்லை' என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அம்மா சொன்னதும் தனக்கு ஞாபகம் இருப்பதும் ஒத்துவரவில்லை என்பதை அப்படியே விட்டுவைக்கிறவர்கள். அதைப் படித்த அதிகாரி, நினைவு என்பதே இப்படித்தான் என்று புரிந்துகொள்வார் இல்லையா?

நேர்வழி:
அதிகாரி கதைப் புத்தகம் படித்தா முடிவெடுக்க வேண்டும்? வந்தவரின் நாட்டில் என்ன நடக்கிறது என்ற அறிக்கைகள் அவர் கையில் இருக்கின்றன, பயிற்சி இருக்கிறது. ஒருவர் கதையை வைத்து இன்னொருவர் கதையை அளப்பதே தப்பு, அந்தக் கதை வழவழப்பாக இருந்தாலும் கரடுமுரடாக இருந்தாலும்.

கரையோரக்காற்று:
அறிக்கை நாட்டைப் பற்றிச் சொல்லும், தம்பி. எதிரில் உட்கார்ந்திருப்பவர் ஏன் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை என்று சொல்லாது. பழைய அலமாரி சொல்லும் புத்தகங்களால் பலன் உண்டு என்றே நினைக்கிறேன். எத்தனை அதிகாரிகள் அதைத் தேடி எடுப்பார்கள் என்பதில்தான் நம்பிக்கை குறைவு. விற்பது வழவழப்பானதுதானே.

இரண்டாம் தலைமுறை:
ஒரு ஆளை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். குடியேறியவரின் பிள்ளை. அதைவிட, பேரப்பிள்ளை.

அக்கா சொன்ன விசாரணைக்குப் பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது, அதிலேயே என் பதிலும் இருக்கிறது. 1882இல் அமெரிக்கா சீனத் தொழிலாளர்கள் வரத் தடை போட்டது, அந்தத் தடைச் சட்டம் 1943 வரை இருந்தது. 1906 நிலநடுக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவின் பிறப்புப் பதிவேடுகள் எரிந்துபோயின. அங்கிருந்த சீனர்கள் பலர் 'நான் இங்கேயே பிறந்தவன், ஊரில் எனக்கு இத்தனை மகன்கள்' என்று பதிந்துகொண்டார்கள். உள்ளே வர உரிமை தரும் அந்த மகன் இடங்கள் விற்கப்பட்டன. வாங்கியவர்களைக் 'காகித மகன்கள்' என்பார்கள். 1910 முதல் 1940 வரை சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் இருக்கும் ஏஞ்சல் தீவில் வைத்து அவர்களை விசாரித்தார்கள்: வீட்டு வாசலில் எத்தனை படி, அரிசித் தொட்டி எங்கே இருந்தது, மூன்றாவது வரிசையில் யார் வீடு. பதில்களை எழுதிக்கொடுத்த தாள்களைக் கப்பலில் மனப்பாடம் செய்துவிட்டுக் கடலில் வீசினார்கள். யோசித்துப் பாருங்கள், மனப்பாடம் செய்த பொய்க்காரன் தேறிவிடுவான், படிகளை எண்ணிப் பார்த்திராத நிஜ மகன் மாட்டிக்கொள்வான்.

உள்ளே வந்தவர்கள் வாங்கிய பெயரிலேயே வாழ்ந்தார்கள். 1956இல் அரசு, பொய்ப் பெயரில் வந்ததை ஒப்புக்கொள்ள ஒரு திட்டம் கொண்டுவந்தும், பயத்தில் பலர் வாயைத் திறக்கவில்லை. தன் குடும்பப் பெயர் தன் குடும்பத்தின் பெயரே இல்லை என்பது பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாமலே போன வீடுகள் உண்டு. அப்படிப்பட்ட வீட்டுத் தாத்தா எழுதி வைக்கவில்லை. பக்கத்து வீட்டுத் தாத்தா எழுதியதைப் படித்துத்தான் பேத்தி தன் வீட்டில் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்கிறாள். 'ஏன் நம் வீட்டில் பழைய போட்டோவே இல்லை?' என்று அவளுக்குக் கேட்கத் தோன்றுகிறது. இதைவிட நேரடிப் பயன் வேறு யாருக்கு?

நேர்வழி சார், ஜெயித்தவர் கதைதான் அச்சாகிறது என்றீர்களே. அதே தீவில் அடைத்துவைக்கப்பட்டவர்கள் மரச் சுவரில் கவிதை செதுக்கினார்கள். பெரும்பாலும் பெயர் இல்லாமல். திருப்பி அனுப்பப்பட்டவர்களும் எழுதியிருப்பார்கள். 1970இல் இடிக்க இருந்த கட்டடத்தில் ஒரு பூங்காக் காவலர் கண்ணில் பட்டதால் தப்பின.

நேர்வழி:
அருமையான தகவல், ஆனால் அது என் பக்கம்தான் சாய்கிறது. தோற்றவர் குரல் புத்தகமாக வரவில்லை, தற்செயலாகச் சுவரில் தப்பியது. பேத்தி விஷயம் வேறு. அவள் படிப்பது தன் குடும்பத்துக்காக, அதில் எனக்குத் தகராறே இல்லை.

அரைப்பக்கம்:
ஆக, போகிறவரின் துணை, பேத்தி, படிக்க மாட்டார் என்று தெரிந்தும் அதிகாரி. சாதாரண வாசகனுக்கு இங்கே ஒருவருமே இடம் தரவில்லை. எனக்கு யாரும் வெளிநாட்டில் இல்லை, போகும் எண்ணமும் இல்லை. நான் படிக்கக் கூடாதா?

நேர்வழி:
தாராளமாகப் படியுங்கள், யாரும் தடுக்கவில்லை. படித்து முடித்ததும் 'இவர்களைப் பற்றி எனக்குத் தெரியும்' என்று மட்டும் பேச ஆரம்பித்துவிடாதீர்கள்.

ஏடுபுரட்டி:
எங்கள் குழுவில் ஒரு பள்ளி ஆசிரியையும் ஒரு செவிலியரும் இருக்கிறார்கள். இரண்டு பேர் வேலையும் தினமும் யார் யாரோ சொல்லும் கதையைக் கேட்டு நம்புவதா வேண்டாமா என்று முடிவெடுப்பதுதான். அவர்களை மனசில் வைத்து, கூடப் போன ஒரு பெண் எழுதியதையே எடுக்கப் போகிறோம். பழைய அலமாரி சொன்ன மாதிரி, நினைவில்லாத இடங்களை அப்படியே விட்டிருக்கும் புத்தகமாக இருந்தால் நல்லது. தெரிந்தவர்கள் கீழே பெயர் போடுங்கள். நேர்வழி சார், ஜெயித்தவர் கதை என்று நீங்கள் கழித்துவிடும் பட்டியலையும் போடுங்கள், அதையும் பார்த்துக்கொள்கிறேன்.