உள்ளூர் விளைச்சலில் சமைக்கும் சிறு உணவகம்: பெற்றோரை அழைத்துச் செல்லலாமா?

செங்காங்வாசி:
அடுத்த மாதம் தஞ்சாவூரிலிருந்து அப்பாவும் அம்மாவும் சிங்கப்பூருக்கு வருகிறார்கள். இங்கே விளைந்த கீரைகளையும் இங்கே வளர்த்த மீனையும் கொண்டே சமைப்பதாகக் கூறும், இருபது இருக்கைகள் மட்டுமே உள்ள ஓர் உணவகத்திற்கு அவர்களை அழைத்துச் செல்ல எண்ணுகிறேன். ஒருவருக்கு 68 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 9 விழுக்காடு பொருள், சேவை வரியும் சேர்ந்தால் ஏறக்குறைய 82 வெள்ளி ஆகிவிடும். உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்யும் நாட்டில் ‘உள்ளூர்’ என்பதை எவ்வளவு தூரம் நம்பலாம்? அப்பா விவசாயி, தட்டு வந்ததும் முதலில் அதைத்தான் கேட்பார். அம்மா சைவம்.

பண்ணைக்காரன்:
லிம் சூ காங் வட்டாரத்தில் ஒரு கீரைப் பண்ணையில் பணிபுரிகிறேன். முட்டை, பயறு முளை, காளான், கொடுவா மீன் ஆகியவையும் சைசிம், கைலான் போன்ற சீனக் கீரைகளும் இங்கேயே கிடைக்கின்றன. அரிசி, பருப்பு, வெங்காயம் ஆகியவற்றுக்கு வெளிநாட்டைத்தான் நம்பியிருக்கிறோம். எனவே முழுச் சாப்பாடும் உள்ளூர் என்று எவரேனும் சொன்னால் நான் சந்தேகப்படுவேன். உள்ளூர் விளைபொருள்களைக் குறிப்பிட்ட அளவு வாங்கும் உணவகங்களைச் சிங்கப்பூர் உணவு அமைப்பு 2023 முதல் அங்கீகரித்து வருகிறது. அந்த அங்கீகாரச் சின்னம் உணவகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். விடியலில் அறுத்த கீரையைத் தண்டோடு முறித்தால் ‘டக்’கென்று ஒலி வரும், நாலு நாள் குளிர்சாதனப் பெட்டியில் கிடந்தது வளையும். உங்கள் அப்பாவுக்கு இதை நான் சொல்லவேண்டியதில்லை.

உட்லண்ட்ஸ் அண்ணன்:
இதே போன்ற ஒரு கடையில் ‘உள்ளூர்ச் சுவை’ என்ற தலைப்பின்கீழ் எனக்குச் சால்மன் மீனைப் பரிமாறினார்கள். எங்கே பிடித்தது என்று கேட்டதும் பணியாளர் சமையலறைக்குள் போனவர் திரும்பவே இல்லை. 82 வெள்ளிக்குத் தேக்கா சந்தையில் ஒரு வாரத்துக்கே மீனும் காய்கறியும் வாங்கிவிடலாம் என்பது என் கருத்து.

கிளமெண்டி அக்கா:
விலையைச் சந்தையோடு ஒப்பிடுவது சரியன்று, தம்பி. நிலமும் ஆள்கூலியும் இங்கே அப்படி. அம்மாவுக்காக மட்டும் ஒன்றை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்: கங்கோங் கீரையில் பிளச்சான் என்ற இறால் விழுதையும் காய்ந்த இறாலையும் சேர்ப்பது வழக்கம், அதைப் பட்டியலில் எழுதமாட்டார்கள்.

செங்காங்வாசி:
அனைவருக்கும் நன்றி. தொலைபேசியில் கேட்டேன். மீன் உபின் தீவை ஒட்டிய மிதவைப் பண்ணையிலிருந்து வருகிறது, அரிசி தாய்லாந்தினுடையது என்று தயங்காமல் சொன்னார்கள். அம்மாவுக்குப் பிளச்சான் இல்லாமல் தனி வாணலியில் வதக்கித் தருவார்களாம். வெள்ளிக்கிழமை மதியத்திற்கு மூன்று இருக்கைகள் பதிந்துவிட்டேன்.