‘ஏற்றுக்கொள்’ என்றால் பொறுத்துப் போவதா? டி.பி.டி. சிகிச்சை எடுத்தவர்கள் சொல்லுங்கள்

கேள்வி: வெண்மதி

எனக்கு 29 வயது. சென்ற மாதம் ஒரு நாள், இரவு சாப்பாட்டுக்கு வருவதாகச் சொன்ன தம்பி வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. பதினொரு மணிக்கு வந்து நின்றவனிடம் நான் பேசியதை எழுதவே கை கூசுகிறது. அவனுக்காக எடுத்துவைத்த இட்லியைத் தட்டோடு சுவரில் எறிந்தேன். பிறகு விடிய விடிய அழுகை. இப்படி நடப்பது இது முதல் முறையல்ல.

மனநல மருத்துவர் டி.பி.டி. (டயலெக்டிக்கல் பிஹேவியர் தெரபி) என்ற, கட்டுக்கடங்காத உணர்ச்சியைக் கையாளப் பழக்கும் பேச்சுச் சிகிச்சைக்குப் போகச் சொல்கிறார். ‘உள்ளதை ஏற்றுக்கொள்ளப் பழகுவீர்கள்’ என்றார். ‘பொறுத்துப் போ’ என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவள் நான். இதுவும் அதுதானா?

பதில்: கரிசல்காட்டான்

இல்லை சகோதரி. இதே சந்தேகத்தோடுதான் நானும் போனேன்.

பொறுத்துப் போகச் சொல்வது வாயை அடைப்பது. இங்கே ஏற்பது என்றால், நடந்ததை நடந்ததாக ஒப்புக்கொள்வது. அது சரி என்று சொல்வதல்ல. தம்பி வரவில்லை, உங்களுக்கு வலித்தது, தட்டு பறந்தது. இவற்றில் எதையும் மறுக்காமல் பார்த்தால்தான் எதை மாற்றலாம் என்பது புலப்படும். ஏற்பும் மாற்றமும் எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டையும் சேர்த்தே பிடிக்கிறார்கள். பெயரில் உள்ள ‘டயலெக்டிக்கல்’ அதைத்தான் குறிக்கிறது.

இதை உருவாக்கியவர் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த மார்ஷா லினஹன். தற்கொலை எண்ணத்தோடு போராடியவர்களிடம் மாற்றத்தை மட்டும் வலியுறுத்தியபோது, தங்கள் வேதனை யாருக்கும் புரியவில்லை என்று அவர்கள் நொந்தார்கள். ஆறுதல் மட்டும் சொன்னபோது எதுவும் மாறவில்லை. அதனால் இரண்டையும் சேர்த்தார். பதின்ம வயதில் தானே மனநல மருத்துவமனையில் இருந்ததை அவர் 2011இல் வெளிப்படையாகச் சொன்னார். உள்ளே இருந்து வெளியே வந்தவர் போட்ட பாதை இது என்று தெரிந்த அன்றுதான் எனக்கு நம்பிக்கை பிறந்தது.

வாரம் ஒரு தனி அமர்வு, ஒரு குழு வகுப்பு என்று ஓராண்டு போனேன். என்னை மாற்றியது ‘சங்கிலி ஆய்வு’. ஒரு நாள், நான் வைத்த குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று மனைவி குறைப்பட, நான் சட்டியையே கவிழ்த்துவிட்டேன். சிகிச்சையாளர் என்னைக் கண்ணி கண்ணியாகப் பின்னோக்கி நடத்திச் சென்றார். முந்தைய இரவு நான்கு மணி நேரத் தூக்கம். மதியம் சாப்பிடவில்லை. மாலையில் அண்ணன் பழைய கடனைப் பற்றிப் போனில் பேசினார். வீட்டுக்குள் நுழையும்போதே தாடை இறுகியிருந்தது. குழம்பு வைத்தவனும் நான், குறை கேட்பவனும் நானா என்று தோன்றியது. உப்பு கடைசிக் கண்ணிதான். மதியச் சாப்பாட்டைத் தவறவிடாமல் இருந்தாலே பாதிச் சங்கிலி அறுந்துவிடும் என்பது நாற்பது வயதில்தான் எனக்குத் தெரிந்தது.

உணர்ச்சி உச்சத்தில் இருக்கும்போது இந்த ஆராய்ச்சியெல்லாம் நடக்காது. அப்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு குளிர்ந்த நீரில் சுமார் 30 விநாடி முகத்தை அமிழ்த்தச் சொல்லித் தந்தார்கள். நீரில் மூழ்கும்போது நடப்பதுபோல உடல் இதயத்துடிப்பைத் தானாகக் குறைக்கிறது. பிரச்சினை தீராது, ஆனால் கையில் இருப்பதை எறியாமல் அந்த நிமிடத்தைக் கடக்கலாம்.

பதில்: தாமரைக்குளம்

இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அந்தக் குளிர்நீர் முறையைச் செய்ய வேண்டாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எப்போதாவது வந்தால், அடுத்த அமர்வு வரை காத்திருக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை.

பதில்: மீனாட்சி அம்மா

என் மகள் இந்தச் சிகிச்சையில் இருக்கிறாள். ‘இதற்கெல்லாமா அழுவார்கள்?’ என்று அவளை எத்தனை முறை கேட்டிருப்பேன்! பிறவியிலேயே சிலருக்கு உணர்ச்சி வேகமாக ஏறும், மெதுவாகத்தான் இறங்கும். அதை வீட்டார் ஒன்றுமில்லை என்று தள்ளத் தள்ள இன்னும் ஏறும் என்று விளக்கினார்கள். கேட்டு வீட்டுக்கு வந்து அழுதேன். இப்போது ‘உனக்கு வலித்திருக்கும்’ என்று முதலில் சொல்கிறேன். அவள் கோபத்தில் செய்ததைப் பற்றி மறுநாள் பேசுகிறேன். உன் தம்பியையும் ஒரு முறை மருத்துவரிடம் அழைத்துப் போ அம்மா.

வெண்மதி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு நோட்டில் என் சங்கிலியை எழுதிப் பார்த்தேன். ஒன்பதரை மணிக்குத் தெருவில் ஆம்புலன்ஸ் போயிருக்கிறது. அந்த ஒலியை மறந்தே போயிருந்தேன். அதன் பிறகு பதினேழு முறை அவனுக்குப் போன் செய்திருக்கிறேன். கோபத்துக்கு முந்தைய கண்ணி பயம். அதை மட்டும் அவனிடம் நான் சொல்லவே இல்லை.

வியாழக்கிழமை முதல் அமர்வு. தம்பி உடன் வருகிறேன் என்கிறான்.