ஈன்று ஏழு மாதம், பால் பாதியாகிவிட்டது – அவசரம்

புதுத்தொழுவம்:
பசுவின் பால் பாதிக்குப் பாதி குறைந்துவிட்டது. தீவனத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. நோயா? ஈன்றபின் எத்தனை மாதம்தான் கறக்கும்? உடனே சொல்லுங்கள்.

கறவைக்காரர்:
எந்த இனம்? எத்தனையாவது ஈற்று? பாதி என்றால் எத்தனை லிட்டர்? ஒரே நாளில் குறைந்ததா, படிப்படியாகவா?

வெள்ளைச்சி:
மடிநோய்தான். எங்கள் மாட்டுக்கும் இப்படித்தான் தொடங்கியது. முதல் பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். தயிர்த் துணுக்குபோல் திரிதிரியாக விழுந்தால் அன்றைக்கே மருத்துவரை அழையுங்கள்.

கன்றுத்தாய்:
கன்றைப் பிரித்துவிட்டீர்களா? நாட்டு மாடு பெரும்பாலும் கன்று முட்டினால்தான் சுரப்பு விடும். இல்லையென்றால் பாலை அடக்கிக்கொள்ளும்.

முதுகறவை:
மாடு வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. எத்தனை முறைதான் எழுதுவது? நல்ல கலப்பின மாடு சுமார் 305 நாள் கறக்கும். ஆறு முதல் எட்டு வாரத்தில் உச்சம், பிறகு மாதாமாதம் இறக்கம். நாட்டு மாடுகள் பல முன்பே வற்றிவிடும். சினை ஊசி எப்போது போட்டீர்கள்? அதைச் சொல்லாமல் கேட்டால் என்ன பதில் சொல்வது?

கன்றுத்தாய்:
பயந்துபோய்க் கேட்கிறார், அதட்டாதீர்கள் ஐயா.

புதுத்தொழுவம்:
கலப்பினம், இரண்டாம் ஈற்று. 10 லிட்டர் கறந்தது, இப்போது 6. படிப்படியாகத்தான். 75ஆம் நாள் ஊசி போட்டோம். சினை நின்றதா என்று பார்க்கவில்லை.

கறவைக்காரர்:
அப்படியானால் இது இயல்பான இறக்கம்தான். பிறகு பருவத்துக்குக் கத்தியதா? கத்தாமலே பருவம் கடக்கும் மாடுகளும் உண்டு, ஆகவே சினைப் பரிசோதனை செய்துவிடுங்கள். சினை ஐந்து மாதத்தைத் தாண்டினால் பால் இன்னும் குறையும். சினை ஏழு மாதம் முடிந்ததும் கறவையை நிறுத்துங்கள்.

வெள்ளைச்சி:
ஏன் நிறுத்த வேண்டும்? நாங்கள் ஈனும் வரை கறந்தோம்.

முதுகறவை:
அடுத்த ஈற்றில் எவ்வளவு கறந்தது? கடைசி 60 நாளில்தான் மடியின் சுரப்புத் திசு புதுப்பித்துக்கொள்கிறது. அந்த ஓய்வைப் பறித்தால் அடுத்த ஈற்றுப் பால் குறையும்.

வெள்ளைச்சி:
குறைந்தது உண்மைதான். தீவனம் காரணம் என்று நினைத்தோம். ஆனால் நிறுத்தினால் மடி வீங்கி நோய் வராதா?

கன்றுத்தாய்:
அடர்தீவனத்தைக் குறைத்து நிறுத்த வேண்டும். கடைசிக் கறவைக்குப் பின் காம்பில் ஏற்றுவதற்கு மருத்துவரிடம் மருந்து இருக்கிறது.

முதுகறவை:
கேட்டவர் எங்கே? பரிசோதனை என்ன ஆயிற்று?

புதுத்தொழுவம்:
துணியில் திரி இல்லை. நான்கரை மாதச் சினை என்றார் மருத்துவர். எல்லோருக்கும் நன்றி.