பழைய கேமரா டேப்பை டிவிடி ஆக்க எந்த மென்பொருள்? அம்மாவின் பிளேயரில் ஓட வேண்டும்

நெடுவழி:

வணக்கம். அம்மா கணக்கு டீச்சராக இருந்தார். ஓய்வு பெற்ற வருடம் அவர் பாடம் நடத்துவதை அப்பா டேப் போடும் டிஜிட்டல் கேமராவில் எடுத்து வைத்திருந்தார். இரண்டு டேப், மொத்தம் 95 நிமிடம். ஃபயர்வயர் (கேமராவைக் கணினியோடு இணைக்கும் கேபிள்) வழியாகக் கணினியில் ஏற்றிவிட்டேன். ஏவிஐ கோப்புகளாக 20 ஜிபிக்கு மேல் வந்திருக்கிறது.

அம்மாவிடம் இருப்பது யுஎஸ்பி துளைகூட இல்லாத பழைய டிவிடி பிளேயர். கணினியில் பார்க்க அவருக்குப் பிடிக்காது, கண் பார்வையும் குறைந்துவிட்டது. அதனால் டிஸ்க்காகத்தான் வேண்டும்.

இரண்டு முறை முயன்றேன். முதலில் ஏவிஐயை எம்பி4 ஆக்கி டிஸ்க்கில் இழுத்துப் போட்டேன். இந்த டிஸ்க்கை எப்படிப் பயன்படுத்தப் போகிறாய் என்று விண்டோஸ் 10 கேட்டபோது 'சிடி/டிவிடி பிளேயருடன்' என்பதையே தேர்ந்தெடுத்தேன். கணினியில் ஓடுகிறது, பிளேயர் ஏற்க மறுக்கிறது. அப்புறம் ஒரு சோதனைப் பதிப்பு மென்பொருளை இறக்கினேன். எல்லாம் முடிந்து பார்த்தால் படத்தின் நடுவில், அம்மா முகத்தின் மேலேயே, அவர்கள் பெயர் ஓடுகிறது. காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டுமா? எதை வாங்கலாம்?

இரவுவேலை:

வாங்க வேண்டாம், பொறுங்கள். எங்கள் வீட்டு டேப்புகள் நாற்பதுக்கும் மேல் இப்படி டிஸ்க் ஆக்கியிருக்கிறேன். முழுக்க இலவச மென்பொருள்தான்.

நீங்கள் ஒரு வேலை என்று நினைப்பது உண்மையில் இரண்டு. பிளேயர் புரிந்துகொள்ளும் வடிவத்தில் படத்தை அமைப்பது ஒன்று, அதை டிஸ்க்கில் எழுதுவது இன்னொன்று. விண்டோஸ் செய்தது இரண்டாவது மட்டும்தான். 'டிவிடி பிளேயருடன்' என்று சொன்னாலும் அது எம்பி4 கோப்பை அப்படியே டேட்டா டிஸ்க்காக எழுதிவிடும். பழைய பிளேயர் தேடுவது வேறு: வீடியோ_டிஎஸ் என்ற ஃபோல்டர், அதற்குள் விஓபி, ஐஎஃப்ஓ, பியுபி கோப்புகள், எம்பெக்-2 படம், 48 கிலோஹெர்ட்ஸ் ஒலி. இதில் எதுவும் இல்லையென்றால் அதற்கு அது வெறும் தட்டு. விண்டோஸ் காட்டும் அந்த 'டிவிடி பிளேயருடன்' என்ற வரியைப் பார்த்து எத்தனை பேர் ஏமாந்திருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

முதல் வேலைக்கு டிவிடி ஸ்டைலர். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், படத்தின் மேல் தன் பெயரை (வாட்டர்மார்க்) போடாது. எம்பி4-ஐ விட்டுவிடுங்கள், மூல ஏவிஐயையே கொடுங்கள். இருமுறை சுருக்கினால் கரும்பலகை எழுத்து மங்கிவிடும். நேரடியாக டிஸ்க்கில் எழுதச் சொல்லாமல் ஐஎஸ்ஓ இமேஜாக, அதாவது முழு டிஸ்க்கின் உள்ளடக்கமும் அடங்கிய ஒரே கோப்பாக, சேமியுங்கள்.

இரண்டாவது வேலைக்கு இம்ஜ்பர்ன். 2013-க்குப் பிறகு புதிய பதிப்பு வரவில்லை, ஆனாலும் விண்டோஸ் 10-ல் நன்றாக ஓடுகிறது. நிறுவும்போது கூடவே வேறு எதையாவது சேர்க்கப் பார்த்தால் டிக்கை எடுத்துவிடுங்கள். எழுதி முடித்ததும் சரிபார்க்கும் 'வெரிஃபை' டிக்கை மட்டும் ஒருபோதும் எடுக்காதீர்கள்.

பிட்ரேட் (ஒரு நொடிக்கு ஒதுக்கும் தரவின் அளவு) கணக்கு: 4.7 ஜிபி டிஸ்க்கில் 95 நிமிடம் என்றால் மொத்தம் நொடிக்கு 6.6 மெகாபிட் வரை இடம் இருக்கிறது. ஒலிக்கும் மற்றவற்றுக்கும் கொஞ்சம் விட்டு, படத்துக்கு 6 மெகாபிட் வையுங்கள். தாராளம்.

அம்மாவுக்குக் கண் பார்வை குறைவு என்றீர்களே, மெனுவில் நேரம் செலவழியுங்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று பொத்தான் போதும், எழுத்து பெரிதாக இருக்கட்டும். கருநீலத்தில் வெள்ளை நன்றாகத் தெரியும். பழைய டிவிகள் படத்தின் ஓரத்தை வெட்டிவிடும், அதனால் பொத்தான்களை உள்ளே தள்ளி வையுங்கள்.

டிஸ்க் டிவிடி-ஆர் (ஒரே முறை எழுதக்கூடியது) வாங்குங்கள். பழைய பிளேயர்களில் அதுதான் தகராறு குறைவு. 16 மடங்கு வேக டிஸ்க்கை 8 மடங்கில் எழுதுங்கள்.

நெடுவழி:

மிக்க நன்றி. முதலில் ஆர்டபிள்யூ (அழித்து மறுபடி எழுதக்கூடிய) டிஸ்க்கில் சோதிக்கலாம் என்று எழுதினேன். பிளேயர் அதையும் படிக்கவில்லை. அமைப்பில் தப்பு செய்துவிட்டேனா?

இரவுவேலை:

இல்லாமலும் இருக்கலாம். ஆர்டபிள்யூ டிஸ்க் ஒளியைக் குறைவாகவே திருப்பி அனுப்பும். பழைய பிளேயர்கள் பல அதைப் படிக்காது. அதே இமேஜை டிவிடி-ஆரில் எழுதிப் பாருங்கள்.

நெடுவழி:

ஓடிவிட்டது! மெனு வருகிறது, ரிமோட் வேலை செய்கிறது. ஆனால் ஒரு குறை. அம்மா கரும்பலகையில் எழுதும்போது கை முன்னும் பின்னும் நடுங்குவது போல் இருக்கிறது. சும்மா நிற்கும்போது ஒன்றுமில்லை. கணினியில் பார்த்தால் இந்த நடுக்கம் தெரியவில்லை. பிட்ரேட்டை ஏற்றட்டுமா?

ஒற்றைக்கம்பி:

பிட்ரேட்டைத் தொடாதீர்கள். அது ஃபீல்டு வரிசைக் கோளாறு. உங்கள் கேமரா ஒவ்வொரு ஃப்ரேமையும் இரண்டு பாதியாக, இரட்டை வரிகள் ஒரு கணத்திலும் ஒற்றை வரிகள் அடுத்த கணத்திலுமாக, பதிவு செய்கிறது. ஒவ்வொரு பாதியும் ஒரு ஃபீல்டு: ஒற்றை வரிகள் மேல் ஃபீல்டு, இரட்டை வரிகள் கீழ் ஃபீல்டு. இந்த வகை டேப்பில் கீழ் ஃபீல்டுதான் முதலில் வரும். டிஸ்க்கில் மேல் ஃபீல்டு முதலில் என்று குறித்துவிட்டால், டிவி பிந்தைய கணத்தை முன்னால் காட்டிவிட்டு முந்தையதற்குத் திரும்பும். அசைகிற கை மட்டும் நடுங்குவது அதனால்தான். கணினியில் பிளேயர் மென்பொருள் இரண்டையும் கலந்து காட்டி மறைத்துவிடுகிறது.

டிவிடி ஸ்டைலரில் அந்தக் கோப்பின் பண்புகளைத் திறந்து, இன்டர்லேஸ் (ஃப்ரேமை இரண்டு ஃபீல்டாகவே வைப்பது) என்பதை வைத்துக்கொண்டு, முதல் ஃபீல்டு 'கீழ்' என்று மாற்றுங்கள். டிஇன்டர்லேஸ் செய்யாதீர்கள், அதாவது இரண்டு ஃபீல்டையும் ஒன்றாக்காதீர்கள். செய்தால் நொடிக்கு 50 அசைவு 25 ஆகக் குறையும், எழுதும் கையின் ஓட்டம் போய்விடும்.

இன்னொன்று, இரவுவேலை சொல்லாமல் விட்டது. டிஸ்க் வந்துவிட்டது என்று மூல ஏவிஐயை அழிக்காதீர்கள். டிவிடி அம்மா பார்ப்பதற்கு. அப்பா எடுத்தது அந்த 20 ஜிபிதான். இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள்.

இரவுவேலை:

ஆமாம், அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஐஎஸ்ஓவையும் கூடவே வையுங்கள். டிஸ்க் கீறல் விழுந்தால் பத்து நிமிடத்தில் இன்னொன்று எழுதலாம்.

நெடுவழி:

நடுக்கம் போய்விட்டது. நேற்று இரவு அம்மா தானே ரிமோட்டை வாங்கி, இரண்டாவது பாடத்தைத் தேர்ந்தெடுத்து, கடைசிவரை பார்த்தார். அப்பாவின் குரல் ஒரே இடத்தில் வருகிறது, "கொஞ்சம் இந்தப் பக்கம் நில்லு" என்று. அதை மூன்று முறை திருப்பிப் போடச் சொன்னார்.

மெனுவில் 8-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு என்று போட்டிருந்தேன். அது 'இ' பிரிவாம், பிள்ளைகள் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார். திருத்திப் புது இமேஜ் உருவாக்கிக்கொண்டிருக்கிறேன், 40 சதவீதம் ஆகியிருக்கிறது.